மளிகை நோட்டும் கூலிக் கோரிக்கையும்

(திருத்தணியில் விசைத்தறித் தொழிலாளர், ஆலைத் தொழிலாளர், விவசாயத் தொழிலாளர் குடும்பங்கள் கூடியிருந்த கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



கூலி உயர்வைப் பற்றிப் பேச வேண்டிய மேடையில் புளி, மிளகாய், பருப்பைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். இதென்ன பேச்சு என்று ஆண்களில் சிலர் நினைக்கலாம். வெளியே போய்ப் பீடி பற்றவைக்க நினைக்கிறவர்கள் பத்து நிமிஷம் பொறுத்துக்கொள்ளுங்கள். கூலிப் பேச்சுக்கும் பருப்புப் பேச்சுக்கும் உள்ள தூரம் நம் வீட்டு அடுப்படிக்கும் திண்ணைக்கும் உள்ள தூரந்தான்.

குடும்பச் செலவைத் திட்டம் போட்டு நடத்துங்கள் என்று நமக்குப் புத்தி சொல்ல நிறையப் பேர் இருக்கிறார்கள். பேங்க்காரர் சொல்கிறார். டெலிவிஷனில் சொல்கிறார்கள். முன்பணம் கொடுத்துத் தறியில் கட்டிப் போட்டிருக்கும் முதலாளிகூடச் சொல்கிறார்: "வாங்குகிற கூலியைப் பார்த்துச் செலவு செய்தால் உனக்கு ஏனப்பா கஷ்டம்?" ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பது நம் பாட்டிமார் சொன்ன புத்தி. அதில் தப்பில்லை. ஆனால் அளக்கிற படி யார் கையில் இருக்கிறது என்று இவர்களில் ஒருவரும் சொல்வதில்லை.

படி என்றதும் நம் ஊர் மலைதான் ஞாபகம் வருகிறது. வருஷத்துக்கு 365 நாள், முருகன் கோயிலுக்கு 365 படி. டிசம்பர் 31-ம் தேதி படித்திருவிழாவில் படிக்கு ஒரு பாட்டுப் பாடிக்கொண்டு ஜனங்கள் ஏறுகிறார்கள். நம் வீட்டுத் தாய்மார்கள் ஏறுகிற படி வேறே. நாளுக்கு ஒரு படி அரிசிக்கு வழி தேடி, 365 நாளும் ஏறுகிறார்கள். அவர்களுக்குத் தனியாகத் திருவிழா கிடையாது.

சரி, கணக்குக்கு வருவோம்.

ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். புருஷன் தறி ஓட்டுகிறான், பெண்சாதி தார் சுற்றுகிறாள், பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் இரண்டு. அம்மையார்குப்பத்திலோ பொதட்டூர்பேட்டையிலோ அத்திமாஞ்சேரிப்பேட்டையிலோ எந்தத் தெருவில் நுழைந்தாலும் இந்த வீட்டைப் பார்க்கலாம். கரும்பு வெட்டப் போகிற வீடாக இருந்தாலும் கணக்கு பெரிதாக மாறாது. சனிக்கிழமை பட்டுவாடா. ஞாயிற்றுக்கிழமை காலையில் மளிகைக் கடைப் பழைய பாக்கி, தண்டல்காரன், குழுக் கடன் தவணை, வாடகையில் கொஞ்சம். இவ்வளவும் போய் மிஞ்சியதை எடுத்துக்கொண்டு அந்த அம்மாள் கடைக்குப் போகிறாள். மிஞ்சியதுதான் சாப்பாடு! நம்மில் பெரும்பாலோர் வீட்டில் நடக்கும் பட்ஜெட் இதுதான். இதைத் தலைகீழாகத் திருப்ப வேண்டும் என்பதே நான் சொல்ல வந்த விஷயம்.

எப்படித் திருப்புவது? பிள்ளைகளின் பழைய நோட்டு ஒன்றை எடுங்கள். பக்கத்தின் நடுவே ஒரு கோடு போடுங்கள். இடது பக்கம் "வேண்டியது". வலது பக்கம் "வாங்கியது". இடது பக்கத்தை எழுதும்போது கையில் எவ்வளவு காசு இருக்கிறது என்று பார்க்கக் கூடாது. நான்கு உயிர் ஒரு மாதம் ஆரோக்கியமாக இருக்க என்ன வேண்டுமோ அதை எழுதுங்கள். விலை அப்புறம் பார்க்கலாம்.

என்ன வேண்டும் என்பதை நாமாக இட்டுக்கட்ட வேண்டியதில்லை. நீலகிரியில் குன்னூரில் ஊட்டச்சத்து ஆராய்ச்சி நிலையம் ஒன்று இருந்தது. அதன் டைரக்டராக 1935 முதல் பத்து வருஷம் இருந்தவர் டாக்டர் வாலஸ் அய்க்ராய்ட் என்பவர். இந்த நாட்டு மனிதன் எதைச் சாப்பிடுகிறான், எது போதாமல் நோயாளி ஆகிறான் என்று ஆராய்ந்தவர். 1957 ஜூலையில் டெல்லியில் 15-வது இந்தியத் தொழிலாளர் மாநாடு கூடியது. சர்க்கார், முதலாளிகள், தொழிற்சங்கங்கள் மூவரும் உட்கார்ந்த மாநாடு. குறைந்தபட்சக் கூலியைத் தேவையிலிருந்துதான் கணக்கிட வேண்டும் என்று அங்கே ஏகமனதாக முடிவாயிற்று. அய்க்ராய்ட் சொன்னபடி ஆளுக்குத் தினம் 2,700 கலோரி உணவு. நான்கு பேர் குடும்பத்துக்கு வருஷத்துக்கு 72 கெஜம் துணி. குடியிருக்க வாடகை. விறகு, விளக்கு, மற்றச் செலவுகளுக்கு மொத்தக் கூலியில் 20 சதவீதம். மனைவி மக்களின் சம்பாத்தியத்தைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. ஒருவர் கூலியே குடும்பத்தைத் தாங்க வேண்டும். 1991-ல் சுப்ரீம் கோர்ட், சென்னையில் நடந்த ரெப்டகாஸ் பிரெட் கம்பெனித் தொழிலாளர் வழக்கில், பிள்ளைகள் படிப்பு, வைத்தியம், கல்யாணம், முதுமை ஆகியவற்றுக்காக மேலும் 25 சதவீதம் சேர்க்க வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னது.

இந்த மாநாட்டுக் கணக்கில் ஒரு வேடிக்கை இருக்கிறது, பாருங்கள். குடும்பம் என்றால் மூன்று பங்கு என்று வைத்தார்கள். ஆணுக்கு ஒரு பங்கு, பெண்ணுக்கு முக்கால் பங்குக்குச் சற்று மேல், 0.8. பிள்ளைக்கு 0.6. ஆகமொத்தம் மூன்று. விடியற்காலை எழுந்து தண்ணீர் பிடித்து, சமைத்து, பிள்ளையை அனுப்பி, பிறகு தார் சுற்றவோ நாற்று நடவோ போய், இரவு கடைசியாகப் படுக்கிறவளுக்கு ஏன் ஐந்தில் ஒரு பங்கு குறைத்தார்கள் என்று மாநாட்டுக்குப் போன பெரியவர்களைத்தான் கேட்க வேண்டும். இருந்தாலும் அந்தக் குறைந்த கணக்கையே எடுத்துக்கொள்வோம். எதிரி நம் மீது மிகைப்படுத்தினான் என்ற பழி போடக் கூடாது.

குன்னூர் நிலையம் 1958-ல் ஹைதராபாத்துக்குப் போயிற்று. இப்போது அதற்குத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் என்று பெயர். ஒரு ஆளுக்கு ஒரு நாளைய தட்டில் என்ன இருக்க வேண்டும் என்று அவர்கள் சொல்கிறார்கள்: தானியம் 250 கிராம், பருப்பு வகை 85 கிராம், முட்டை, மாமிசம் சாப்பிடுகிறவர்கள் அதற்குள்ளே சேர்த்துக்கொள்ளலாம், காய்கறியும் கீரையும் 400 கிராம், பழம் 100, கடலை போன்றவை 35, எண்ணெய் 27, பாலோ தயிரோ 300 மில்லி. இது 2,000 கலோரித் தட்டு. பன்னிரண்டு மணி நேரம் தறிக்கு முன்னால் நிற்பவனுக்கும் வெயிலில் கடலை பிடுங்குகிறவளுக்கும் இது போதாது. போகட்டும், இதையே மூன்று பங்கு, முப்பது நாள் என்று பெருக்குங்கள்.

தானியம் இருபத்திரண்டரைக் கிலோ. இதில் நமக்கு ரேஷன் கை கொடுக்கிறது. 2011 ஜூன் முதல் நம் மாநிலத்தில் ரேஷன் அரிசி இலவசம். நான்கு பேர் உள்ள வீட்டுக்கு 20 கிலோ வருகிறது. கணக்கு ஏறக்குறைய சரிக்கட்டிப் போகிறது.

பருப்பு? ஏழரைக் கிலோவுக்கு மேல் வருகிறது. ரேஷனில் கிலோ 30 ரூபாய்க்கு ஒரே ஒரு கிலோ. மிச்சம் ஆறரைக் கிலோவைக் கடையில் வாங்க வேண்டும். துவரம் பருப்பு கிலோ 160-க்கு மேல் விற்றதையும் பார்த்திருக்கிறோம். குறைத்து 120 என்று வைத்தாலும் 780 ரூபாய். பால் 27 லிட்டர். லிட்டர் 40 என்று வைத்தால் 1,080 ரூபாய். காய்கறி 36 கிலோ. 40 ரூபாய் வீதம் 1,440. பழம், கடலை, எண்ணெய், கொஞ்சம் அரிசி, புளி, மிளகாய், சர்க்கரை, டீத்தூள் எல்லாம் சேர்த்தால் மாதம் ஐயாயிரத்தைத் தாண்டிவிடுகிறது. ஆடம்பரம் ஒன்றும் இல்லை. நெய் இல்லை. ஞாயிற்றுக்கிழமைக் கறி தனியாக இல்லை.

இப்போது வலது பக்கத்துக்கு வாருங்கள். "வாங்கியது". உள்ளதை உள்ளபடி எழுதுங்கள். பருப்பு எத்தனை கிலோ? இரண்டா, மூன்றா? பால் டீக்கு மட்டும் தானே? காய்கறியில் பாதி முருங்கைக் கீரையும் சந்தை முடிகிற நேரத்தில் கூறு போட்டு விற்கும் கத்தரிக்காயும் அல்லவா? இந்த இரண்டு பக்கத்துக்கும் இடையே ஒரு துண்டு விழுகிறதே, அந்தத் துண்டை யார் தாங்குகிறார்கள்?

தாய்மார்கள் தாங்குகிறார்கள். புருஷனுக்கும் பிள்ளைகளுக்கும் போட்டுவிட்டு, சட்டியின் அடியில் இருக்கும் ரசத்தை ஊற்றிச் சாப்பிட்டுவிட்டு எழுந்திருக்கிறார்கள். பட்ஜெட் சரியாகிவிட்டது என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். சர்க்காரின் குடும்ப நலச் சர்வே 2019-21-ல் எடுத்தார்கள். தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரை உள்ள பெண்களில் 53 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. இரண்டு பேரில் ஒருத்திக்கு மேல்! எந்த நோட்டிலும் எழுதாத துண்டு இப்படி ரத்தத்தில் எழுதப்பட்டிருக்கிறது. சிக்கனம் போதிக்கிற பெரிய மனிதர்களுக்கு இந்தக் கணக்கைத்தான் காட்ட வேண்டும். ஆகவே பட்ஜெட் போடுவதில் முதல் விதி: அம்மாளின் தட்டைக் குறைத்து எந்தக் கணக்கையும் சரிக்கட்டக் கூடாது. ஆண்பிள்ளைகள் இதைக் காதில் வாங்கிக்கொள்ள வேண்டும்.

இனி, கையில் இருக்கிற காசு எங்கே ஒழுகுகிறது என்று பார்ப்போம். கூலி உயரும் வரை சும்மா இருப்பதா? கூடாது.

முதல் ஓட்டை, கடன். கடைக்காரரை நான் திட்டப் போவதில்லை. மூலைக் கடை வைத்திருப்பவரும் மொத்த வியாபாரிக்குப் பதில் சொல்ல வேண்டியவர். வேலை இல்லாத வாரத்தில் நமக்கு அரிசி கொடுத்தவரும் அவர்தான். ஆனால் நோட்டில் எழுதி வாங்கும்போது விலை கேட்க நமக்கு வாய் வருவதில்லை. எடையைப் பார்க்கக் கண் போவதில்லை. ரொக்கம் கொடுப்பவன் நல்ல பருப்பைக் கேட்டு வாங்குகிறான், கடன்காரன் கொடுத்ததை வாங்குகிறான். பழைய பாக்கியை ஒரே நாளில் அடைக்க முடியாது. பாக்கிக்கு என்று வாரம் ஒரு தொகையைப் பேசி முடிவு செய்து, அதற்கு மேல் கொடுக்காமல், இந்த வாரச் சாமானை ரொக்கத்துக்கு வாங்கப் பாருங்கள். அரிசி, பருப்பு, எண்ணெய் மூன்றாவது ரொக்கத்துக்கு வரட்டும்.

தண்டல் வேறு ஜாதி. பத்தாயிரம் என்று எழுதிக்கொண்டு எட்டாயிரத்து ஐந்நூறு கொடுக்கிறான். தினம் நூறு ரூபாய், நூறு நாள். ஆயிரத்து ஐந்நூறுதானே என்று தோன்றும். ஆனால் முதல் நாளிலிருந்தே அசலைத் திருப்பிக்கொண்டு வருகிறீர்கள். அதைச் சேர்த்துக் கணக்குப் பார்த்தால் வருஷ வட்டி நூற்றுக்கு நூறைத் தாண்டுகிறது. கந்துவட்டியைத் தடுக்க 2003-லேயே தமிழ்நாட்டில் சட்டம் வந்தது. சட்டம் புத்தகத்தில் இருக்கிறது, தண்டல்காரன் வாசலில் இருக்கிறான். மளிகைக்காகத் தண்டல் வாங்குவது மட்டும் வேண்டவே வேண்டாம். தின்று தீர்ந்த அரிசிக்கு மூன்று மாதம் வட்டி கட்டுவது போல் கொடுமை இல்லை.

இரண்டாவது ஓட்டை, பொட்டலம். ஐந்து ரூபாய்க்கு மிளகாய்த்தூள், பத்து ரூபாய்க்கு எண்ணெய் என்று அன்றாடம் வாங்குவதில் ஏழைதான் அதிக விலை கொடுக்கிறான். இது அவன் குற்றமல்ல. மொத்தமாக வாங்க மொத்தமாகக் காசு வேண்டுமே! 2024 ஜனவரி முதல் பொட்டலச் சாமானில் கிராமுக்கு அல்லது கிலோவுக்கு என்ன விலை என்றும் அச்சிட வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத எழுத்தில் இருக்கும். பிள்ளைகளை விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். இரண்டு கம்பெனிப் பொட்டலத்தை ஒப்பிட அது உதவும்.

அரிசியில் நடந்த கூத்தைக் கேளுங்கள். 2022 ஜூலை 18 முதல், பொட்டலம் கட்டி லேபிள் ஒட்டிய அரிசி, பருப்பு, மாவுக்கு 25 கிலோ வரை 5 சதவீதம் ஜி.எஸ்.டி. வரி போட்டார்கள். அதற்கு மேல் போனால் வரி கிடையாது. வியாபாரிகள் உடனே 26 கிலோ சிப்பம் கட்டி விட்டார்கள்! ஒரே தடவையில் 26 கிலோ வாங்க வசதி உள்ளவனுக்கு வரி இல்லை. ஐந்து கிலோ பை வாங்குகிற தறிக்காரன் 300 ரூபாய் அரிசிக்கு 15 ரூபாய் வரி கட்டுகிறான். இதைவிட வர்க்கப் பாசம் உள்ள வரியைக் கண்டதுண்டா? இதற்கு இப்போதைக்கு ஒரு வழி உண்டு. கடைக்காரர் மூட்டையைப் பிரித்து நிறுத்துக் கொடுக்கும் சில்லறை அரிசிக்கு இந்த வரி கிடையாது. இல்லாவிட்டால் நான்கு வீடு சேர்ந்து ஒரு சிப்பம் வாங்கிப் பங்கிட்டுக்கொள்ளுங்கள்.

நான்கு வீடு சேர்ந்து என்றேன். இதில் ஒரு சரித்திரம் இருக்கிறது; அதுவும் நெசவாளிகளின் சரித்திரம். இங்கிலாந்தில் ராச்டேல் என்ற ஊர். கம்பளித் துணி நெய்கிறவர்கள் கூலி உயர்வுக்குப் போராடித் தோற்றுப் போயிருந்த சமயம். கடைகளில் கலப்பட மாவும் கள்ள எடையும் சாதாரணம். 28 பேர் வாரம் சில காசுகளாகச் சேர்த்து, ஆளுக்கு ஒரு பவுன் போட்டு, 1844 டிசம்பர் 21-ம் தேதி ஒரு சின்னக் கடை திறந்தார்கள். மாவு, வெண்ணெய், சர்க்கரை, ஓட்ஸ் மாவு போன்ற சில சரக்குகள்தான். சரியான எடை, கலப்படம் கிடையாது, கடன் கிடையாது, லாபம் வாங்கினவர்களுக்கே திரும்பும். உலகக் கூட்டுறவு இயக்கத்துக்கு அதுவே முன்மாதிரியாயிற்று. சென்னையில் 1904-ல் தோன்றிய திருவல்லிக்கேணி நகரக் கூட்டுறவுச் சங்கமும் அந்த வழியில் வந்ததுதான். ஆனால் கடை வைத்தால் சோஷலிசம் வந்துவிடும் என்று நினைத்து விடாதீர்கள். கூட்டுறவுக் கடையைவிடக் கூட்டுறவு உற்பத்தியில் இறங்குங்கள் என்று 1866-லேயே மார்க்ஸ் தொழிலாளர்களுக்கு யோசனை சொன்னார். கடை மேற்பூச்சு, உற்பத்திதான் அஸ்திவாரம் என்பது அவர் கருத்து.

மூன்றாவது ஓட்டையை ஆண்கள் முகத்தைப் பார்த்துச் சொல்கிறேன். 2003 முதல் சர்க்காரே சாராயக் கடை நடத்துகிறது. பட்டுவாடா ஆன சனிக்கிழமை ராத்திரி அங்கே போகிற காசு எந்த நோட்டிலும் ஏறுவதில்லை. வீட்டு அம்மாள் கடுகு வாங்கின காசுக்குக் கணக்குச் சொல்ல வேண்டும், ஐயா மட்டும் கணக்குச் சொல்ல மாட்டார் என்றால் அது என்ன பட்ஜெட்? வலது பக்கத்தில் அதையும் எழுதுங்கள். குடித்ததை எழுதக் கூச்சமாக இருந்தால் அது நல்ல அறிகுறி.

ரேஷனைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். அது தானாகக் கிடைத்த தர்மம் என்று சிலர் நினைக்கிறார்கள். 1952-ல் ராஜாஜி மந்திரிசபை உணவுக் கட்டுப்பாட்டை எடுத்தது. அறுபதுகளின் நடுவில் அரிசிப் பஞ்சம் தலைவிரித்து ஆடியது; ஜனங்களின் கோபத்தில் 1967-ல் ஆட்சியே மாறிற்று. ரூபாய்க்கு ஒரு படி அரிசித் திட்டம் அப்போது வந்ததுதான். 1997-ல் மத்திய சர்க்கார், வறுமைக் கோட்டுக்கு மேலே, கீழே என்று ஜனங்களைப் பிரித்து, கீழே உள்ளவர்களுக்கு மட்டும் மலிவு தானியம் என்றது. பல மாநிலங்களில் ஏழைகளே பட்டியலிலிருந்து விழுந்தார்கள். தமிழ்நாடு அந்தப் பிரிவினையை ஏற்கவில்லை. இன்று தறிக்காரன், கூலிக்காரி என்று யாரும் ஏழை என்று நிரூபிக்கக் காகிதம் தூக்கிக்கொண்டு அலையாமல் அரிசி வாங்குகிறோம். இதைப் பாதுகாக்க வேண்டும்.

பாதுகாப்பது என்றால் முதலில் ஒழுங்காக வாங்குவது. ஒரு கிலோ பருப்பு 30, ஒரு லிட்டர் பாமாயில் 25, இரண்டு கிலோ சர்க்கரை 50. மொத்தம் 105 ரூபாய். சர்க்கரை 2017 நவம்பருக்கு முன் கிலோ 13 ரூபாய் 50 காசுதான். ஒரே அடியில் 25 ஆக்கினார்கள். இந்த 105 ரூபாயை மாதத்தின் முதல் பட்டுவாடாவிலேயே, வேறு எந்தப் பாக்கிக்கும் முன்னால், எடுத்து வைத்துவிடுங்கள். கடைசி வாரத்துக்குத் தள்ளினால் "ஸ்டாக் இல்லை" என்ற மந்திரம் கேட்கும். 2024 மே மாதம் பல கடைகளுக்குப் பருப்பும் பாமாயிலும் வரவில்லை. நாலாபுறமும் கூச்சல் எழுந்த பிறகு, மே மாதப் பங்கை ஜூனில் வாங்கிக்கொள்ளலாம் என்று அறிவித்தார்கள். கேட்டவர்களுக்குக் கிடைத்தது. வாங்காத பொருளுக்கு வாங்கியதாகச் செல்போனில் தகவல் வந்தால் விடாதீர்கள். 1967 என்ற எண்ணுக்குப் போன் செய்து புகார் சொல்லலாம். படி அரிசித் திட்டம் வந்த வருஷமும் அதுவே, ஆகவே எண் மறக்காது.

2023 ஜூலையில் தக்காளி கிலோ நூறு ரூபாயைத் தாண்டியபோது, சென்னை ரேஷன் கடைகளில் 60 ரூபாய்க்கு விற்றார்கள். தக்காளியை விற்க முடியும் என்றால், உளுந்தையும் கடலையையும் விற்க ஏன் முடியாது? உளுந்து ரேஷனில் இருந்துதானே 2017-ல் நின்றது? பருப்பு ஒரு கிலோ போதாது, மூன்று கிலோ வேண்டும் என்று கேட்க நம்மிடம் ஆதாரம் வேண்டும். அந்த ஆதாரம் உங்கள் நோட்டின் இடது பக்கம்.

விலைவாசி நம் கையில் இல்லை என்பதை மறுக்கவில்லை. நம் தாலுகா 1960 ஏப்ரல் 1-ம் தேதி ஆந்திராவிலிருந்து சென்னை ராஜ்யத்துக்கு வந்தது. அதற்காக எத்தனையோ பேர் சிறை போனார்கள். எல்லைக் கல்லை நட்டுவிட்டோம். நகரித் தறிக்காரனுக்கும் நமக்கும் பேசுகிற மொழி வேறாக இருக்கலாம், எண்ணெய் விலை வேறல்ல. 2022 பிப்ரவரியில் உக்ரைனில் யுத்தம் மூண்டது, சூரியகாந்தி எண்ணெய் ஏறியது. ஏப்ரல் கடைசியில் இந்தோனேஷியா பாமாயில் ஏற்றுமதியை நிறுத்தியது, மூன்று வாரத்துக்குள் நம் ஊர்ப் பஜ்ஜிக் கடை வரை அது எரிந்தது. நாட்டுக்கு வேண்டிய சமையல் எண்ணெயில் பாதிக்கு மேல் வெளிநாட்டிலிருந்து வருகிறது. கடலை விளையும் மண்ணில் நின்றுகொண்டு இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது!

கூலி கேட்டால் விலை ஏறிவிடும் என்று முதலாளி சொல்வார். 1865-ல் லண்டனில் அகிலத்தின் சபையில் வெஸ்டன் என்ற தோழரே இப்படிச் சொன்னார். மார்க்ஸ் நீண்ட உரை நிகழ்த்தி அதைத் தகர்த்தார். நாம் அவ்வளவு தூரம் போக வேண்டாம். 2022-ல் எண்ணெய் ஏறியபோது எந்தத் தறியில் கூலி ஏறியிருந்தது?

கடைசியாக ஒரு விஷயம். இது கொஞ்சம் நுணுக்கமானது, கவனித்துக் கேளுங்கள். பஞ்சப்படியை நிர்ணயிப்பது விலைவாசிக் குறியீட்டெண். அந்த எண்ணை எதை வைத்துப் போடுகிறார்கள்? தொழிலாளர் குடும்பங்கள் சிலவற்றைப் பொறுக்கி எடுத்து, அவர்கள் எதற்கு எவ்வளவு செலவு செய்கிறார்கள் என்று சர்வே எடுக்கிறார்கள். அதாவது, நம் வீட்டு நோட்டை நாம் எழுதாவிட்டாலும் வேறொருவர் எழுதிக்கொண்டுதான் இருக்கிறார்! 2001-ம் வருஷ அடிப்படையில் நூறு ரூபாய்ச் செலவில் உணவுக்கு 46 ரூபாய் 20 காசு என்று இருந்தது. 2016-ம் வருஷ அடிப்படைக்கு மாற்றி 2020-ல் வெளியிட்டபோது 39 ரூபாய் 17 காசு ஆயிற்று. இதனால் என்ன? உணவு விலை மட்டும் பத்து சதவீதம் ஏறினால் பழைய கணக்கில் குறியீடு 4.6 ஏறும், புதிய கணக்கில் 3.9 தான் ஏறும். நம் வயிற்றில் அடித்த விலை பஞ்சப்படியில் குறைவாகவே தெரியும்.

வரும்படி கூடினால் சாப்பாட்டின் பங்கு குறையும் என்று 1857-ல் ஒருவர் சொன்னார். அவர் பெயர் எர்ன்ஸ்ட் எங்கெல். நம் பிரெடரிக் எங்கெல்ஸ் அல்ல, ஜெர்மனியில் சாக்ஸனி சர்க்காரின் புள்ளிவிவர அதிகாரி. பெல்ஜியத் தொழிலாளர் குடும்பங்களின் செலவுக் கணக்கைப் பார்த்து எழுதினார். அவர் சொன்னது மெய்தான். ஆனால் பள்ளிக்கூடக் கட்டணமும் ஆஸ்பத்திரிச் செலவும் வாடகையும் ஏறி, அவற்றுக்காகப் பருப்பைக் குறைத்துக்கொண்டாலும் சாப்பாட்டின் பங்கு குறையத்தானே செய்யும்? வயிறு நிறைந்ததால் குறைந்ததா, வயிற்றைக் கட்டியதால் குறைந்ததா என்று சதவீதம் சொல்லாது. இரண்டு பக்கமும் எழுதிய நோட்டு சொல்லும்.

1957 மாநாட்டு முடிவை சர்க்கார் கையெழுத்தாகும் வரை ஒப்புக்கொண்டது. சம்பளக் கமிஷன் கேட்டபோது, அது எங்களைக் கட்டுப்படுத்தாது என்று கையை விரித்துவிட்டது. 1960 ஜூலையில் மத்திய சர்க்கார் ஊழியர்கள் ஐந்து நாள் வேலைநிறுத்தம் செய்ததில் இந்தத் தேவை அடிப்படைக் கூலி முக்கியமான கோரிக்கை. அன்று அவர்களிடம் கணக்கு இருந்தது. நம் தறித் தெருக்களில் கூலிப் பேச்சு வார்த்தை நடக்கும்போது முதலாளி நூல் விலை, கரண்ட் பில், துணி விற்காத மூட்டை எல்லாவற்றுக்கும் காகிதம் கொண்டு வருகிறார். நாம் வெறுங்கையோடு போய் "கட்டுபடியாகவில்லை ஐயா" என்கிறோம்.

ஆகவே நாளை பட்டுவாடாவிலிருந்து எழுத ஆரம்பியுங்கள். எழுதத் தெரியாத தாய்மார்கள் சொல்லச் சொல்லப் பிள்ளைகள் எழுதட்டும். தெலுங்கில் எழுதினாலும் சரி, தமிழில் எழுதினாலும் சரி. நான்கு வாரம் விடாமல் எழுதுங்கள். விட்டுப்போன நாளை ஊகித்து நிரப்பாதீர்கள், காலியாகவே இருக்கட்டும். அடுத்த மாதம் இதே இடத்தில் கூடும்போது நோட்டுகளைக் கொண்டு வாருங்கள், எல்லாவற்றையும் சேர்த்துக் கூட்டிப் பார்ப்போம். சங்கத்தின் சார்பில் ஒரு நல்ல தராசும் கொண்டு வருகிறோம். அந்த வாரம் வாங்கிய ஒரு கிலோப் பருப்பைப் பிரிக்காமல் எடுத்து வாருங்கள், எல்லோர் முன்னாலும் நிறுத்துப் பார்க்கலாம்.